மூலம் அப்படியே இருக்கட்டும்

1994 ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளில் டைம், நியூஸ்வீக் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டின் அட்டையிலும் ஒரே படம். கொலைக் குற்றச்சாட்டில் கைதான ஓ. ஜே. சிம்ப்சனை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் எடுத்த புகைப்படம் அது. நியூஸ்வீக் அதைப் பெரிய மாற்றமில்லாமல் அச்சிட்டிருந்தது. டைம் அட்டையில் சிம்ப்சனின் தோல் இன்னும் கறுத்திருந்தது. ஓரங்கள் இருட்டுக்குள் அமிழ்ந்திருந்தன. கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. முகத்தில் மாறியது ஒளியும் நிறமும் மட்டும்தான். ஒரு கறுப்பின மனிதரை, வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, பார்த்ததும் பயம் வருகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று கண்டனம் கிளம்பியது. டைம் ஆசிரியர் குழு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டைம் அட்டையை மட்டும் பார்த்த ஒருவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. பக்கத்தில் நியூஸ்வீக் இருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. அதாவது, திருத்தப்பட்ட படத்தை வைத்துத் திருத்தத்தைக் கண்டுபிடிக்கவில்லை. மூலம் கண்ணெதிரே இருந்ததால் கண்டுபிடித்தார்கள்.

இன்று உங்கள் போனில் ஒரு படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, நிறத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கி, சேமித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘ரிவர்ட்’ அழுத்தினால் பழைய படம் திரும்ப வருகிறது. இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். இந்தச் சாதாரண வசதி வந்துசேர ரொம்ப நாள் ஆனது. நான்-டிஸ்ட்ரக்டிவ் எடிட்டிங் என்று இதற்குப் பெயர். மூலத்தைத் தொடாமல் செய்யும் திருத்தம். அதன் வரலாறு மென்பொருளின் வரலாறு மட்டும் இல்லை. ஒரு படத்தில் எது ‘படம்’, எது ‘முடிவு’ என்று இரண்டையும் பிரித்துவைக்கக் கற்றுக்கொண்ட கதையும்கூட.

இருட்டறையில் ஒரு கச்சேரி

முதலில் ஒளிப்படக்கலை இரண்டு வழிகளில் பிறந்தது. 1839இல் பிரான்சில் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப்பில் வெள்ளி பூசிய தகட்டில் நேராகப் படம் விழும். ஒரே பிரதி. அதுவே மூலம், அதுவே முடிவு. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வேறு வழியில் போனார். 1835இல் தன் வீடான லேகாக் ஆபியின் ஜன்னலை அவர் எடுத்த சின்னஞ்சிறு காகித நெகட்டிவ் இன்றும் இருக்கிறது. வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் தெரியும் அந்தக் காகிதம் பார்ப்பதற்கு அழகான பொருளே இல்லை. ஆனால் அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒவ்வொன்றையும் வேறு மாதிரி எடுக்கலாம். மூலமும் முடிவும் தனித்தனிப் பொருள்களானது அங்கேதான்.

இந்தப் பிரிவை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஆன்சல் ஆடம்ஸ். 1941இல் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தவர், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு ஏறுவதையும், கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் படுவதையும் பார்த்து வண்டியை நிறுத்தினார். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாச அளவு நினைவிலிருந்ததால் அதை வைத்துக் கணக்குப்போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது.

அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து அடுத்த பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். ஆரம்பகால பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறத்தில், மேகக் கீற்றுகளோடு இருக்கும். பிற்காலத்தில் வானம் கருங்கும்மென்று ஆகிவிடும். நிலவு அந்தக் கறுப்பில் தனியாக மிதக்கும். நெகட்டிவ் ஒன்றுதான். மாறியது ஆடம்ஸ்.

எப்படிச் செய்தார்? என்லார்ஜரின் ஒளி காகிதத்தில் விழும்போது, வெளுக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துச் சில விநாடி ஒளியைத் தடுப்பது டாட்ஜிங். கறுக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் கூடுதல் விநாடிகள் கொடுப்பது பர்னிங். ஒரே இடத்தில் கோடு விழாமல் இருக்க அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எத்தனை விநாடி என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், அந்தக் குறிப்பு ஒரு செய்முறை. இளமையில் பியானோ கலைஞராக முயன்றவர் ஆடம்ஸ். அதனால் நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டை அதன் நிகழ்த்துதலுக்கும் ஒப்பிட்டார். ஒரு கீர்த்தனையை இன்று ஒரு மாதிரியும் நாளை வேறு மாதிரியும் பாடலாம். பாடுவதால் கீர்த்தனை தேய்ந்துபோகாது.

அவரே இந்த விதியை ஒருமுறை மீறினார் என்பது சுவாரசியமான விஷயம். அந்த நெகட்டிவில் முன்புலம் ரொம்ப மெலிதாக இருந்ததால் ஒவ்வொரு பிரிண்டும் போராட்டமாகவே இருந்தது. 1948இல் அந்தக் கீழ்ப்பகுதியை மட்டும் ஒரு வேதிக் கரைசலில் நனைத்து அடர்த்தியாக்கினார். இது நெகட்டிவின் மேலேயே செய்த திருத்தம். சரியாக வந்ததால் பிழைத்தது. பிசகியிருந்தால் திரும்பிப் போக வழி இல்லை.

எண்கள் எப்படிச் சாகின்றன

இப்போது கணினிக்கு வருவோம். 8-பிட் படத்தில் ஒவ்வொரு பிக்சலும், ஒவ்வொரு நிறத்துக்கும், 0 முதல் 255 வரை ஒரு முழு எண். வெளிச்சத்தைக் கூட்டுவது என்றால் அந்த எண்ணைப் பெருக்குவதோ கூட்டுவதோதான். வேறு மாயம் எதுவும் இல்லை.

200, 201 என்று இரண்டு பிக்சல்கள் இருக்கின்றன. படத்தைப் பாதி வெளிச்சமாக்குகிறீர்கள். இரண்டுமே 100 ஆகின்றன, ஏனென்றால் நூறரை என்று எழுத இடம் இல்லை. சேமித்துவிட்டீர்கள். மனம் மாறி மறுபடி இரட்டிப்பாக்கினால் இரண்டுமே 200. அந்த 201 போயே போச்சு. படம் முழுக்க ஒற்றைப்படை எண்களே காணாமல் போயிருக்கும். ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் பல் பல்லாகச் சீப்பு மாதிரி தெரியும். நீல வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். இன்னொரு விதமான இழப்பு இதைவிட மோசம். 210, 240 இரண்டோடும் 50 கூட்டுங்கள். 255க்கு மேலே இடம் இல்லாததால் இரண்டுமே 255. திரும்ப 50 கழித்தால் இரண்டுமே 205. கல்யாணப் பட்டுப்புடவையின் ஜரிகையில் இருந்த வேலைப்பாடு இப்போது ஒரே வெள்ளைத் திட்டு.

இதையே வேறு மாதிரி செய்யலாம். பிக்சலைத் தொடாமல், ‘பாதியாக்கு’ என்று ஒரு குறிப்பு. பிறகு ‘இரட்டிப்பாக்கு’ என்று இன்னொரு குறிப்பு. காட்டும்போது மட்டும் இரண்டையும் சேர்த்துக் கணக்குப்போட்டால் எதுவும் மாறவில்லை என்று வரும். கணக்குப்பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பழைய பாடம். பேரேட்டில் தப்பான பதிவை யாரும் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுவார்கள். இருப்பு என்பது சேமித்துவைத்த எண் இல்லை, பதிவுகளிலிருந்து கூட்டி வரும் எண்.

இவ்வளவு எளிய யோசனை என்றால் ஏன் ஆரம்பத்திலேயே செய்யவில்லை?

தாமஸ் நாலின் முதல் மென்பொருள்

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நால், மேக் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட ஒரு சின்ன நிரல் எழுதினார். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை பார்த்த தம்பி ஜான் நால் அதில் ஆர்வம் காட்ட, இருவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 1990 பிப்ரவரியில் அடோபி அதை ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது. நம்மில் பலர் அந்த மென்பொருள் திறக்கும்வரை காத்திருந்த நேரத்தில், தொடக்கத் திரையில் சீதாராமன் நாராயணன் என்ற நம்மூர்ப் பெயரைப் படித்து வாய்பிளந்திருக்கிறோம். அது கொஞ்சம் பிந்திய கதை.

நால் சகோதரர்களின் அப்பா வீட்டின் கீழ்த்தளத்தில் இருட்டறை வைத்திருந்தவர். அந்த வாசனை மென்பொருளில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் டாட்ஜ் கருவியின் சின்னம் குச்சியில் ஒட்டிய வட்ட அட்டை, பர்ன் கருவியின் சின்னம் குவித்த கை. இன்றைக்கும் அப்படியேதான். ஆனால் ஒரு விஷயம் தலைகீழானது. இருட்டறையில் டாட்ஜிங் செய்வது பிரிண்டின் மேல். நெகட்டிவுக்கு ஒன்றும் ஆகாது. ஃபோட்டோஷாப்பில் டாட்ஜ் செய்வது அந்த ஒரே கோப்பின் மேல். தோற்றம் இருட்டறை, நடத்தை டாகுரோடைப்.

காரணம் அலட்சியம் இல்லை, நினைவகம். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல், மூன்று நிறம், மொத்தம் சுமார் 26 மெகாபைட். அன்றைய மேக்குகளில் இருந்ததோ சில மெகாபைட் நினைவகம். ஒரே ஒரு படி பின்னால் போக வேண்டுமென்றாலும் இன்னொரு பிரதி வேண்டும். அதனால் ‘அன்டூ’ ஒரே ஒரு தடவைதான். பல படிகள் பின்னே போகும் ஹிஸ்டரி வசதி 1998இல், ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது.

இதே நெருக்கடிக்கு வேறு ஒரு விடையும் இருந்தது. 1990களின் முற்பாதியில் புருனோ டெலியன் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய லைவ் பிக்சர் பிக்சலைத் தொடவே இல்லை. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கணிதச் சார்பாகக் குறித்துவைத்துக்கொண்டு, திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் அதைக் கணக்கிட்டுக் காட்டும். பெரிய படமானாலும் வேகம் குறையாது. எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும்போதுதான் முழுப் படமும் ஒரே மூச்சில் உருவாகும். இன்றைய மென்பொருள்கள் செய்வதை அது அன்றே செய்தது. ஆனால் சந்தையில் நிற்கவில்லை. ஃபோட்டோஷாப்போ நினைத்தால் ஒவ்வொரு பிக்சலையும் கையால் தொட விட்டது, நினைவகத்தின் விலையும் வருடத்துக்கு வருடம் இறங்கியது. நல்ல யோசனை சீக்கிரம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையில் இப்படி நிறைய கல்லறைகள் உண்டு.

ஃபோட்டோஷாப் மெதுவாக அதே இடத்துக்கு வந்தது. 1994இல் லேயர்கள். 1996இல், நான்காம் பதிப்பில், அட்ஜஸ்ட்மென்ட் லேயர். இந்த இரண்டாவது வகைதான் முக்கியம். அதில் படமே கிடையாது, ஒரு கட்டளை மட்டும் இருக்கும். படத்துக்கு மேலே கண்ணாடித் தாள் மாதிரி அதைப் போட்டால், கீழே உள்ளது அந்தக் கட்டளை வழியாகத் தெரியும். தாளை எடுத்தால் பழைய படம். தாளில் ஓட்டை போட்டால் அந்த இடத்தில் மட்டும் கட்டளை செல்லாது.

கட்டாயத்தில் பிறந்த ஒழுக்கம்

அடுத்த திருப்பம் கேமராவிலிருந்து வந்தது. டிஜிட்டல் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். கோடாக்கில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரே ஒரு நிறத்தை வைக்கிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து ஊகிக்க வேண்டும். கேமராவே ஊகித்து, வெளிச்சம் திருத்தி, சுருக்கி, மிச்சத்தை வீசிவிட்டுக் கொடுப்பது ஜேபெக். ஊகிப்பதற்கு முந்தைய எண்களை அப்படியே கொடுப்பது ரா கோப்பு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14-பிட் ராவில் 16,384.

2003இல் அடோபி கேமரா ரா என்ற இணைப்பு நிரல் வந்தது. எழுதியவர் அதே தாமஸ் நால். ரா கோப்பில் நீங்கள் நகர்த்திய ஸ்லைடரின் விளைவைத் திரும்பச் சேமிக்கவே முடியாது. புள்ளிக்கு ஒரு நிறம் மட்டுமே உள்ள கட்டத்தில், முழு நிறப் படத்தை எங்கே எழுதுவது? எனவே ‘வெளிச்சம் +1, வெள்ளைச் சமநிலை 5500’ என்ற மாதிரிக் குறிப்புகள் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் போய் உட்கார்ந்தன. சில கிலோபைட் எழுத்து. மூலத்தைத் தொடக்கூடாது என்ற ஒழுக்கம் இங்கே தத்துவமாக வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தது. டால்பட்டின் நெகட்டிவ் திரும்பி வந்துவிட்டது.

உடனே ஒரு சண்டையும் வந்தது. மூலம் யாருடையது? ஒவ்வொரு கேமரா நிறுவனமும் தனக்கென்று ஒரு ரா வடிவம் வைத்திருந்தது. 2005இல் நிகான் தன் சில கேமராக்களில் வெள்ளைச் சமநிலைத் தகவலைப் பூட்டுப்போட்டுப் பதிவுசெய்தது. தாமஸ் நால் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆனால் பூட்டை உடைத்தால் அமெரிக்கச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ என்று அடோபி தயங்கியது. டேவ் காஃபின் என்ற தனிமனிதர் உடைத்துவிட்டார். 1997 முதல் டிசிரா என்ற சி நிரலைத் தனியாளாக எழுதிக்கொண்டிருந்தவர் அவர். கேமரா சந்தைக்கு வர வர, அதன் ரா வடிவத்தைக் குடைந்து கண்டுபிடித்துத் தன் நிரலில் சேர்ப்பார், இலவசமாகக் கொடுப்பார். நீங்கள் எடுத்த படத்தை, எடுத்த கேமரா நிறுவனத்தின் தயவு இல்லாமல் நீங்களே திறக்க முடிவதற்குப் பின்னால் இப்படிச் சிலருடைய பிடிவாதம் இருக்கிறது.

செய்முறையும் அடுப்பும்

2005 இறுதியில் ஆப்பிள் அபர்ச்சரை வெளியிட்டது. 2006 ஜனவரியில் அடோபி லைட்ரூமின் சோதனைப் பதிப்பைக் கொடுத்தது, அடுத்த ஆண்டு முழுப் பதிப்பு. இரண்டிலும் ‘சேவ்’ என்ற எண்ணமே காணாமல் போனது. செய்வதெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் குறிப்பாகச் சேரும், அவ்வளவுதான். லைட்ரூமில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்லைடர்களை எந்த வரிசையில் நகர்த்தினாலும் கணக்கிடும் வரிசை உள்ளே மாறாது. காலையில் வெளிச்சம், மாலையில் நிறம் என்று செய்தாலும், தலைகீழாகச் செய்தாலும் ஒரே விடை. உங்கள் தடுமாற்றங்கள் படத்தில் பதிவதில்லை, கடைசியில் நீங்கள் நின்ற இடம் மட்டுமே பதிகிறது.

ஆனால் குறிப்பு மட்டும் போதாது. சமையல் குறிப்பு ஒன்றே என்றாலும் விறகடுப்புக்கும் இண்டக்‌ஷனுக்கும் ருசி மாறுமே. 2012இல் லைட்ரூமின் நான்காம் பதிப்பு வந்தபோது கணக்கிடும் முறையே மாறியது. பழைய குறிப்பைப் புதுக் கணக்கில் ஓட்டினால் படம் வேறு மாதிரி வரும். இப்படிப்பட்ட மாற்றங்களுக்காகவே அடோபி ஒவ்வொரு படத்தோடும் ‘பிராசஸ் வெர்ஷன்’ என்று ஒரு எண்ணைச் சேர்த்து, பழைய கணக்குமுறைகளையும் மென்பொருளுக்குள் உயிரோடு வைத்தது. பழைய படம் அதே மாதிரி தெரிய வேண்டுமென்றால் பழைய அடுப்பையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அடுப்பையே மூடிவிட்டால்? 2014இல் அபர்ச்சரைக் கைவிடுவதாக ஆப்பிள் அறிவித்தது. லைட்ரூமுக்கு மாறுவோருக்காக அடோபி ஒரு கருவி கொடுத்தது. மூலப் படங்கள் வந்தன, நட்சத்திரங்கள் வந்தன, குறிச்சொற்கள் வந்தன. நிறத் திருத்தங்கள் வரவில்லை. பல ஆண்டு உழைப்பு, ஒரு மென்பொருளுக்கு மட்டுமே புரிந்த மொழியில் இருந்தது. அதே கதை பிகாசாவுக்கும். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எத்தனையோ வீடுகளில் கல்யாண, காதுகுத்துப் படங்களைத் திருத்தியது அதில்தான். அதுவும் மூலத்தைத் தொடாமல், அதே போல்டரில் பிகாசா.ஐஎன்ஐ என்ற கோப்பில் குறிப்பெழுதி வைத்தது. 2016இல் கூகுள் அதை நிறுத்தியது. பழைய ஹார்ட் டிஸ்குகளில் அந்தக் குறிப்புகள் இன்னும் கிடக்கின்றன, படித்துக் காட்ட ஆள் இல்லாத கடிதங்கள் மாதிரி.

பழைய முறையில் இழந்தது மூலத்தை. புதிய முறையில் இழப்பது முடிவுகளை. எது பெரிய இழப்பு என்பது நீங்கள் எதைப் படைப்பு என்று நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

திறந்த மூல உலகம் இதற்கு ஒரு விடை. ஆனால் நிதானமான விடை. கிம்ப் மென்பொருளுக்கு மூலத்தைத் தொடாத திருத்தம் கொடுப்பதற்கான அடித்தளமான ஜெகல் வேலை 2000இல் தொடங்கியது. அந்த வசதி மக்கள் கைக்கு வந்தது 2025 மார்ச்சில், கிம்ப் 3.0இல். கால் நூற்றாண்டு. சிரிக்கலாம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளில் ‘கோப்பு என்பது பிக்சல்’ என்ற அஸ்திவாரத்தை எடுத்துவிட்டு ‘கோப்பு என்பது கட்டளைகள்’ என்று வைப்பது, ஆள் குடியிருக்கும்போதே வீட்டின் கடைக்கால் மாற்றுவது மாதிரி.

சாட்சி

2013இல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது பால் ஹான்சனுக்குக் கிடைத்தது. காசாவில் குண்டுவீச்சில் இறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஒரு சந்தில் நடந்துவரும் படம். அந்த வெளிச்சம் நிஜமா, பல படங்களைச் சேர்த்ததா என்று சந்தேகம் கிளம்பியது. ரா கோப்பை வரவழைத்து நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். டோனும் நிறமும் திருத்தப்பட்டிருக்கின்றன, ஆனால் எதையும் ஒட்டவில்லை என்று முடிவு சொன்னார்கள். மூலம் இருந்ததால் அவர் பெயர் மீண்டது. அதே அமைப்பு 2015 போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் 20 சதவீதத்தை, மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டபின், விலக்கியது. மூலம் இருந்ததால்தான் அதுவும் நடந்தது.

அதே 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம் ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமரா பதிவுசெய்த ஜேபெக்கையே அனுப்புங்கள் என்றது. வேகமும் ஒரு காரணம், நேர்மையும் ஒரு காரணம். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஜேபெக்கும் ஒரு திருத்தம்தான். திருத்தியவர் கேமராவுக்குள் இருக்கும் பெயர் தெரியாத ஒரு பொறியாளர். மனிதரின் முடிவுகளை வேண்டாம் என்று சொல்லி இயந்திரத்தின் முடிவுகளை உண்மை என்று ஏற்பது விசித்திரமான நேர்மை. திருத்தாதே என்பதைவிட, திருத்து, ஆனால் மூலத்தை வைத்திரு, கேட்டால் காட்டு என்பதே கடைப்பிடிக்கக்கூடிய அறம். சிம்ப்சன் அட்டைக்கும் இதுதான் பொருந்தும். படத்தை இருட்டாக்கலாமா என்ற விவாதத்தை நடத்தவே இரண்டாவது படம் தேவைப்பட்டது.

எரித்தவரும் கொடுத்தவரும்

எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எட்வர்ட் வெஸ்டனின் மகனும் பெரிய புகைப்படக் கலைஞருமான பிரெட் வெஸ்டன், 1991 டிசம்பரில் தன் 80ஆவது பிறந்தநாள் அன்று தன்னுடைய நெகட்டிவ்களில் பெரும்பாலானவற்றைத் தீயில் போட்டார். தன் படத்தைத் தன்னைத் தவிர வேறு யாரும் பிரிண்ட் போடக்கூடாது என்பது அவர் கட்சி. அவரைப் பொறுத்தவரை பிரிண்ட்தான் படைப்பு. நெகட்டிவ் வெறும் சாரம், கட்டடம் எழும்பியதும் பிரித்துவிட வேண்டியது.

ஆடம்ஸ் எதிர்த்திசையில் போனார். தன் நெகட்டிவ்களை அரிசோனா பல்கலைக்கழகத்தில் உள்ள ஒளிப்பட மையத்துக்குக் கொடுத்தார். வருங்கால மாணவர்கள் அவற்றிலிருந்து தங்கள் பாணியில் பிரிண்ட் போட்டுப் பார்க்கட்டும் என்பது எண்ணம். 1981இல் எழுதியபோதே, வரப்போகும் மின்னணுப் படமுறைகளை ஆவலோடு எதிர்பார்ப்பதாகச் சொன்னார். ஃபோட்டோஷாப் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1984இல் இறந்துவிட்டார்.

வெஸ்டனின் வாதத்தை என்னால் அலட்சியப்படுத்த முடியவில்லை. அபர்ச்சரோடு தன் திருத்தங்களை இழந்த ஒருவரிடம் மூலம் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று சொன்னால், அவர் வெஸ்டன் பக்கம்தான் நிற்பார். அவர் உழைத்தது அந்த மூலத்துக்காக இல்லை. அதனால் நடைமுறையில் மூன்றையும் வைத்துக்கொள்வதே நல்லது: கேமரா கொடுத்த மூலம், நாம் எடுத்த முடிவுகளின் குறிப்பு, அந்த முடிவுகளின்படி ஒருமுறையாவது முழு அளவில் ஏற்றுமதி செய்த படம். குறிப்பு செத்தால் ஏற்றுமதி செய்த படம் மிஞ்சும். அந்தப் படம் பிடிக்காமல் போனால் மூலத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். ஹார்ட் டிஸ்கில் இடம் கூடுதலாகத்தான் பிடிக்கும். பிடிக்கட்டும்.